ரேஸ் பெல்ட் மாட்டினால் ரேஸ் கார் ஆகிவிடுமா?

2025 ஜனவரி 7. துபாய் ஆட்டோட்ரோமில் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சி ஓட்டம். நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே தடுப்புச் சுவரில் மோதி, பலமுறை சுழன்று, முன்பக்கம் நொறுங்கி நின்றது. சற்று நேரத்தில் மனிதர் இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோ வராத வாட்ஸ்அப் குரூப் தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களில் கார் பைத்தியங்களின் கண் போனது வேறு இடத்துக்கு. தோள் இரண்டிலும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் இறுகி, வயிற்றுக்கு நடுவே ஒரு வட்டப் பூட்டில் வந்து சேரும் அகலப் பட்டைகள். ஹார்னஸ் என்பார்கள், கடைப் பேச்சில் ரேஸ் பெல்ட். 'அண்ணே, நம்ம ஸ்விஃப்ட்டுக்கு இதை மாட்டித் தர முடியுமா?' என்ற கேள்வி கார் அலங்காரக் கடைகளுக்குப் புதிதல்ல. 'மாட்டிரலாம் தம்பி, ரெண்டு மணி நேர வேலை' என்ற பதிலும் புதிதல்ல.

ஆபத்து அந்த ரெண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடுகிற காரில், கம்பெனி கொடுத்த பெல்ட்டை ஒதுக்கிவிட்டு ரேஸ் பெல்ட் மாட்டுவது பாதுகாப்பைக் கூட்டாது. பெரும்பாலான நேரங்களில் குறைக்கும். அஜித் ஓட்டியது போர்ஷே 911 ஜிடி3 கப். பந்தயத்துக்காகவே தொழிற்சாலையில் கட்டப்பட்ட கார் அது. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு உடலோடு சேர்த்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். சீட், தலையின் இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும். ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் இல்லாமல் டிராக்கில் இறங்கவே விடமாட்டார்கள். பெல்ட் இத்தனைக்கும் நடுவில் உள்ள ஒரு பாகம், அவ்வளவுதான்.

விமானி பெல்ட்டைத் தெரிந்தவர் செய்த கார் பெல்ட்

இன்று உலகத்தின் எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் ஸ்வீடன்காரரான நில்ஸ் பொலின். வால்வோ கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் வேலை பார்த்தது சாப் விமானக் கம்பெனியில். போர் விமானம் அடிபட்டால் விமானியைச் சீட்டோடு வெளியே எறியும் ஏற்பாடுதான் அங்கே அவர் துறை. விமானிகளைக் கட்டிவைக்கும் பல முனை பெல்ட்டுகளை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. அப்படிப்பட்டவர் காருக்கென்று யோசித்தபோது அந்தப் பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டவில்லை. ஒரு கையால் இழுத்து ஒரு சொடுக்கில் மாட்டிக்கொள்ளக்கூடியதை, மார்பிலும் இடுப்பிலும் மட்டும் படியக்கூடியதைச் செய்தார். 1959-ல் அது வால்வோ காரில் வந்தது. காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல், எந்தக் கம்பெனியும் பயன்படுத்தலாம் என்று வால்வோ திறந்துவிட்டது.

அந்த எளிய பெல்ட் அதன்பின் நிறையக் கற்றுக்கொண்டுவிட்டது. மோதல் நடந்த கணத்தில் சின்ன வெடிமருந்து ஒன்று பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உடம்போடு இறுக்கும். இழுவிசை அளவுக்கு மீறினால், விலா எலும்பு முறியாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்தும் கொடுக்கும். அந்த நெகிழ்வில் உடம்பு முன்னே வரும் இடத்தில் ஏர்பேக் காத்திருக்கும். மோதிய பிறகு அது விரிந்து முடியக் கண் இமைக்கும் நேரம்கூடத் தேவையில்லை. பெல்ட், ஏர்பேக், சீட், ஸ்டீயரிங் நான்கையும் சேர்த்துத்தான் மோதிப் பார்த்து நேரம் குறித்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால், மீதி மூன்றும் இல்லாத ஆளுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

நான்கு முனை என்னும் பொறி

கடைகளில் அதிகம் கிடைப்பதும் மலிவாகக் கிடைப்பதும் நான்கு முனை பெல்ட். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. மூன்றைவிட நான்கு நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம்.

இடுப்புப் பட்டை உட்கார வேண்டிய இடம் வயிறு இல்லை. இரண்டு பக்கமும் கையால் தொட்டால் தட்டுப்படுகிற இடுப்பெலும்பு, அதற்குக் கீழே தொடை மடங்கும் மடிப்பு, அதுதான் இடம். அந்த எலும்பு பெரிய அடியைத் தாங்கும். குடலும் ஈரலும் மண்ணீரலும் தாங்காது. நான்கு முனை பெல்ட்டில் தோளின் மேல் வரும் பட்டைகள் இரண்டும் நடுப்பூட்டில் வந்து சேர்கின்றன. மோதும்போது மார்பு முன்னே பாய, தோள்பட்டைகள் பூட்டை மேலே இழுக்கும். பூட்டு இடுப்புப் பட்டையை எலும்பைத் தாண்டி வயிற்றுக்கு ஏற்றிவிடும். அடுத்த கணம் இடுப்பு அதற்கு அடியில் வழுக்கி முன்னால் போகும். முழு உடம்பின் வேகத்தையும் வயிற்றின் மென்மையான பகுதி தாங்க வேண்டியதாகிவிடும். உள்ளுறுப்பு கிழியும், முதுகுத்தண்டு மடங்கும். ஓட்டுநர்கள் இதை 'சப்மரைனிங்' என்பார்கள்.

ஐந்தாவது பட்டையும் ஆறாவது பட்டையும் வந்த காரணம் இதுதான். தொடை இடுக்கு வழியாகச் சீட்டுக்கு அடியில் போகும் அவை, பூட்டு மேலே ஏறாமல் கீழே பிடித்துவைக்கும். அவற்றைப் போட வேண்டுமென்றால் சீட்டின் நடுவில் துளை வேண்டும். கம்பெனி சீட்டில் துளை இல்லை. கத்தியால் கிழித்து ஓட்டை போட்டுத் தருகிறவர்கள் உண்டு. சீட்டின் உள் சட்டம் எங்கே இருக்கிறது, பட்டை எதில் உரசும் என்று பார்ப்பதில்லை. துளையுள்ள பக்கெட் சீட் வாங்கினால் பழைய சீட்டோடு அதன் பக்கவாட்டு ஏர்பேக்கும் போகும், டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஷ்ரோத் கம்பெனி தெருக் கார்களுக்கென்றே ஒரு நான்கு முனை பெல்ட் செய்கிறது. ஒரு தோள்பட்டையில் மட்டும் ஒரு மடிப்பைத் தைத்து வைத்திருப்பார்கள். மோதலில் அந்தத் தையல் பிரிந்து, ஒரு தோள் மட்டும் சற்று முன்னே திரும்பும். மூன்று முனை பெல்ட்டில் உடம்பு திரும்புவது மாதிரியே நடந்து, இடுப்பு வழுக்குவது தவிர்க்கப்படும். ஆனால் இந்த மாடல் காருக்கு, இந்தச் சீட்டுக்கு என்று பட்டியல் போட்டுத்தான் அதைத் தருகிறார்கள். நம் ஊர்க் கடையில் தொங்கும் பெல்ட்டுகளில் அந்த மடிப்பைத் தேடிப் பாருங்கள்.

தோள்பட்டை போகும் திசை

'பின்னாடி எங்க கட்டுவீங்க?' என்று மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள். 'பின் சீட் பெல்ட் போல்ட்டு இருக்குல்ல, அதுலயே போட்டுரலாம்' என்பார். அந்தப் போல்ட் இருப்பது பின் சீட்டுக்குக் கீழே, தரையை ஒட்டி. தோளிலிருந்து கிளம்பும் பட்டை சீட்டின் முதுகு மேல் ஏறி, செங்குத்தாகக் கீழே இறங்கும். மோதலில் பட்டை இறுகும்போது அது உங்களைப் பின்னால் இழுப்பதோடு நிற்காது. தோளைக் கீழ்நோக்கி அமுக்கும். 45 பாகையில் இறங்கினாலே பட்டையின் இழுவிசையில் எழுபது சதவீதம் முதுகெலும்பை மேலிருந்து நசுக்கும் விசையாகிவிடும்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது. தோள்பட்டை பின்னோக்கிப் போக வேண்டும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் இறங்கக் கூடாது, 10 பாகைக்குள் இருப்பதே நல்லது. மேலிருந்து பார்த்தால் சீட்டின் நடுக்கோட்டிலிருந்து 20 பாகைக்கு மேல் விலகவும் கூடாது. அப்படியானால் ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால், ஏறத்தாழ அதே உயரத்தில், காரின் குறுக்கே உறுதியான ஒரு குழாய் வேண்டும். ரேஸ் காரில் கூண்டின் ஒரு பகுதியாக அது இருக்கும். தெருக் காரில் கதவுத் தூண்களுக்கு நடுவே போல்ட் போட்டு மாட்டும் குழாய்கள் விற்கிறார்கள். அந்தக் குழாய் பின் சீட்டில் உட்காரும் குழந்தையின் முகத்துக்கு எதிரே நிற்கும் என்பதை விற்பவர் சொல்வதில்லை.

விசை எவ்வளவு என்று ஒரு கணக்கு. 70 கிலோ ஆள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். மோதிய கார் நசுங்குவதும் பெல்ட் நீள்வதும் சேர்ந்து அவர் அரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், அவரைப் பிடித்து நிறுத்தும் சராசரி விசை ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்குச் சமம். சராசரிதான் அது, உச்சம் இன்னும் அதிகம். தோள், இடுப்புப் பட்டைகளின் ஒவ்வொரு பிடிமானமும் 1,470 டெக்கா நியூட்டன், அதாவது ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்று எஃப்.ஐ.ஏ. சொல்வதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். புதிதாகத் துளை போட்டால் தகரத்துக்குப் பின்னால் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள எஃகுத் தகடு வைக்க வேண்டும். காரின் தரைத் தகரம் அதைவிட மிகவும் மெல்லியது. சாதா வாஷர் வைத்து இறுக்கிய போல்ட், ஒன்றரை டன் இழுவையில் தகரத்தை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கழுத்துக்கு யார் பொறுப்பு?

தோள் இரண்டையும் சீட்டோடு கட்டிவிட்டால் முன்னே பாய மிஞ்சியிருப்பது தலை மட்டும்தான். நான்கரை, ஐந்து கிலோ இருக்கும். ஹெல்மெட் போட்டால் இன்னும் ஒன்றரைக் கிலோ கூடும். அத்தனையையும் நிறுத்த வேண்டியது கழுத்து. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறப்பது பந்தய உலகம் நீண்ட காலம் பார்த்த மரணம். 1994-ல் இமோலாவில், அயர்டன் சென்னா இறந்ததற்கு முந்தைய நாள், ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் அப்படித்தான் போனார்.

அமெரிக்காவின் டேல் எர்ன்ஹார்ட் மரணம் பெல்ட் மாட்டுகிற எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். அங்குள்ள நாஸ்கார் கார் பந்தயப் பட்டத்தை ஏழு முறை வென்றவர். 2001 பிப்ரவரி 18, டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதினார். பார்த்தவர்களுக்குப் பெரிய விபத்தாகவே தெரியவில்லை. மண்டையோட்டின் அடி உடைந்து இறந்துபோயிருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் நாஸ்கார் வெளியிட்ட அறிக்கை பல காரணங்களைச் சேர்த்துச் சொன்னது. அதில் ஒன்று, இடது இடுப்புப் பட்டை மோதலின்போது பிரிந்துபோனது. பட்டை தன் கொக்கியில் ஒருபக்கமாக ஒதுங்கி, பாரம் முழுவதும் ஒரு ஓரத்தில் விழுந்து கிழிந்திருந்தது. பெல்ட்டை எந்தக் கோணத்தில் எப்படி மாட்டினார்கள் என்பது பற்றி அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்தது. உலகின் தலைசிறந்த ஓட்டுநர், கைதேர்ந்த மெக்கானிக்குகள், சிறந்த பெல்ட். அங்கேயே இந்தக் கேள்வி எழுந்தது.

தலையைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பு அப்போதே சந்தையில் இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், தன் மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டௌனிங்கோடு சேர்ந்து 1980-களில் உருவாக்கியது. எர்ன்ஹார்ட் அதை அணிந்திருக்கவில்லை. அவர் இறந்த ஆண்டு அக்டோபரில் கழுத்துக் காப்பை நாஸ்கார் கட்டாயமாக்கியது. 2003-ல் ஃபார்முலா ஒன்னும் பின்தொடர்ந்தது. ஹான்ஸ் வேலை செய்ய ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட் போட்டு, ஹான்ஸ் மாட்டி அண்ணா சாலையில் யார் ஓட்டப்போகிறார்கள்? திரும்பிப் பார்த்து லேன் மாற முடியாது.

கூரைப் பிரச்சினையும் இருக்கிறது. கார் உருண்டால் மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடம் உண்டு. ரேஸ் பெல்ட் நிமிர்த்தி வைத்தே பிடித்திருக்கும். கூரை நசுங்கினால் தலைதான் தூண். அதற்குக் கூண்டு வேண்டும். கூண்டு போட்டாலோ, ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய். ரப்பர் பஞ்சு சுற்றினாலும் இரும்பு இரும்புதான். பெல்ட்டுக்கு சீட், சீட்டுக்குத் துளை, தோளுக்குக் குழாய், கழுத்துக்கு ஹான்ஸ், ஹான்ஸுக்கு ஹெல்மெட், தலைக்குக் கூண்டு என்று ஒன்றை மாட்டினால் அடுத்தது வந்து நிற்கும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பார்த்தால் உங்களிடம் இருப்பது ரேஸ் கார். தங்கச்சியைக் காலேஜில் இறக்கிவிட அதில் போக முடியாது. பாதியில் நிறுத்தினால் இருப்பது பழைய பாதுகாப்பும் போய், புதியதும் வராத வண்டி.

டிராக் காரில் மாட்டுகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் இது வெறும் ஆசைப் பேச்சு அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். கோவை செட்டிபாளையத்தில் 2003-லிருந்து கரி மோட்டார் ஸ்பீட்வே ஓடுகிறது. பந்தயத்துக்கென்றே ஒரு பழைய காரை ஒதுக்கி, உள்ளே எல்லாவற்றையும் உரித்து, கூண்டு கட்டி ஓட்டுகிறவர்கள் இங்கே நிறைய உண்டு. கவனிக்க வேண்டியவை அவர்களுக்கு.

முதலில் லேபிளைப் பாருங்கள். எஃப்.ஐ.ஏ. முத்திரை உள்ள பெல்ட்டில் 8853 என்று தொடங்கும் தர எண்ணும் காலாவதி ஆண்டும் ஒவ்வொரு பட்டையிலும் தைக்கப்பட்டிருக்கும். ஆயுள் ஐந்து ஆண்டு. அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. முத்திரை என்றால் தயாரித்த தேதியிலிருந்து இரண்டே ஆண்டு. பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று வாதம் செய்யாதீர்கள். பாலியெஸ்டர் நூல் வெயிலில் வலுவிழப்பது கண்ணுக்குத் தெரியாது, நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டாம். ஒரு பெரிய மோதலைப் பார்த்த பெல்ட்டை வெட்டி எறிந்துவிட வேண்டும். விற்கவும் கூடாது, நண்பனுக்குக் கொடுக்கவும் கூடாது. பச்சை நிற 'தகாட்டா' பெல்ட் என்று ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைப்பவற்றில் போலிகள் ஏராளம். முத்திரை இல்லாத பெல்ட் வெறும் நாடா.

அடுத்தது பலர் தவறுவது, மூன்று கம்பிக் கொக்கி. பட்டையின் நுனியைப் பிடிமானத்தில் சுற்றிக் கொண்டுவந்து பூட்டும் தட்டையான இரும்புத் துண்டு அது. பட்டை நடுக்கம்பியைச் சுற்றிப் போன பிறகு, நுனி மறுபடி திரும்பி, வந்த வழியே இன்னொரு முறை உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கடைசித் திருப்பம் இல்லாவிட்டாலும் கையால் இழுத்துப் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். மோதலில் வழுக்கிக் கழன்றுவிடும். கொக்கி, குழாயையோ பிடிமானத்தையோ ஒட்டியே இருக்க வேண்டும். நுனி நான்கு அங்குலமாவது வெளியே மிஞ்ச வேண்டும். வெல்டிங் கடைக்காரர் அழகுக்காக நறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோள்பட்டையை எவ்வளவு நீளமாக விடுகிறீர்களோ அவ்வளவு நீளும். டிக்கி வரை கொண்டுபோய்க் கட்டினால், மோதலில் தலை ஸ்டீயரிங்கைத் தொடும் அளவுக்கு உடம்பு முன்னே வரலாம். இடுப்புப் பட்டை சீட்டின் பக்கத் துளை வழியாகப் போக வேண்டும், சீட்டின் விளிம்பு மேல் ஏறிப் போகக் கூடாது. கண் போல்ட்டை அதன் தண்டுக்கு நேராக இழுவை வரும்படி திருப்பி வையுங்கள். குறுக்கே இழுத்தால் வளையும். மாட்டிக்கொள்ளும்போது முதலில் இடுப்பு, அதுவும் மூச்சை விட்டு நன்றாகக் கீழே இறக்கி. கடைசியில்தான் தோள். தோளை முதலில் இறுக்கினால் பூட்டு வயிற்றுக்கு ஏறிவிடும், பிறகு ஆறு முனை இருந்தும் பயனில்லை.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பந்தயம் பந்தயம்தான். 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில், அனுபவம் மிக்க ஓட்டுநர் கே.ஈ. குமாரை ஒரு சலூன் கார் பந்தயம் பறித்துக்கொண்டது. டாக்டரும் ஆம்புலன்ஸும் பக்கத்திலேயே நிற்கும் இடம் அது. நெடுஞ்சாலையில் அந்த வசதியும் கிடையாது. விபத்து நடந்தால் ஓடிவருவது டீக்கடைக்காரரும் லாரி டிரைவரும்தான். சாதாரணப் பெல்ட்டின் சிவப்புப் பட்டனை அவர்களுக்குத் தெரியும். வட்டப் பூட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று புகை வரும் வண்டிக்குள் நின்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் சில முறை கம்பெனி பெல்ட்டோடே போங்கள். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் ரீல் பூட்டிக்கொள்ளும். அப்படியே பிடித்தபடி சீட்டை முன்னால் நகர்த்துங்கள். உடம்பு அசையாத இறுக்கம் காசு செலவில்லாமல் கிடைக்கும். ரேஸ் பெல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஹெல்மெட், புது பிரேக் பேட், புது பிரேக் ஆயில், தேயாத டயர் வாங்குங்கள். அதன் பிறகும் வெறி அடங்கவில்லையென்றால் தனியாக ஒரு பழைய காரை வாங்கி முழுசாகச் செய்யுங்கள், பாதியில் விடாதீர்கள்.

இன்னொன்று. ரேஸ் பெல்ட் தொங்கும் அதே கடைகளில், பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றும் இரும்பு கிளிப்பும் தொங்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஆன்லைன் கடைகளில் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. உங்கள் காரில் அது இருந்தால் இன்றே கழற்றிக் குப்பையில் போடுங்கள். பின் சீட்டில் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல்லுங்கள்.